மஞ்சள் பலூனின் விசில்

சிவப்புப் பலூனை மஞ்சள் பலூன் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, சிவப்பு, பலூன் ஊதிக்கொண்டிருந்த மாமாவிடம், "பரவாயில்லைங்க, இன்னும் கொஞ்சம் ஊதுங்க" என்று சிரித்துக்கொண்டிருந்தது. உடனே டமார்!

அடுத்தது மஞ்சள்தான். பாதி ஊதி, துணி கிளிப் மாட்டி வைத்திருந்தார்கள். அதுவும் சிரித்தபடியே உருண்டு போய், வெடிக்காமல் தப்பிக்க அடுப்படிக் குக்கரிடம் யோசனை கேட்டது.

"உள்ளே என்னம்மா இருக்கு?" என்றது குக்கர்.

"காத்துதான்க்கா."

"யாரோட காத்து?"

"மாமாது, சித்தப்பாது... என்னோடது எதுவுமே இல்லைக்கா!" மஞ்சள் ஓவென்று அழுதது.

குக்கர் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டது. "எனக்கும் உள்ளே கொதிக்கும். விசில் அடிச்சுடுவேன். யாரும் கோவிச்சுக்கிறதில்லை. எத்தனைன்னு எண்ணிக்கிறாங்க, அவ்வளவுதான். நீயும் சத்தம் விட்டுப் பாரேன்."

முதலில் "ப்" என்றுதான் வந்தது. சாயங்காலம்வரை இரண்டும் சத்தம் விட்டுப் பழகின.

மாமா கிளிப்பை எடுத்து வாயருகே கொண்டுபோனார். மஞ்சள் "போதும் மாமா" என்று சொல்லப் பார்த்தது. வந்ததோ "புர்ர்ர்ர்!" மாமாவின் மீசை சிலிர்த்தது. வீடே சிரித்தது.

"சரி, இதுக்கு இவ்வளவுதான்" என்று அவர் முடிச்சுப் போட்டார்.

மஞ்சள் இன்னும் ஜன்னலில் தொளதொளவென்று ஆடுகிறது. சிவப்பில் மிச்சம், மேசைக்கடியில் கிடக்கும் ரப்பர் வாய் மட்டும்தான்.