கடைசிப் பீப்பாய்

கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார்.

ஒன்றும் இல்லை.

இன்னொரு முறை ஆழமாக இழுத்தார். நிலவறையின் குளிர் மட்டும் உள்ளே ஏறியது. ஈரக் கல்லுக்கும் ஓக் மரத்துக்கும் ஒரு வாசம் உண்டு என்பது நினைவில் இருந்தது. வாசம் இல்லை.

குளிர்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? இத்தாலியின் பீட்மாண்ட் மலைச்சரிவில் முந்நூறு ஆண்டுகளாக ஒயின் செய்கிற குடும்பம். அந்தக் குடும்பத்தின் மூக்கே அவர்தான்.

பீப்பாய்களில் வருடக்கணக்கில் உறங்கிய ஒயினை இன்று கலக்கிறார்கள். கலப்பதற்கு முன் வீட்டின் மூத்தவர் ஒவ்வொரு பீப்பாயையும் சுவைத்துப் பார்க்க வேண்டும். நல்லதென்றால் பீப்பாயின் முகத்தில் சாக்பீஸால் வட்டம். கெட்டதென்றால் பெருக்கல் குறி. கடைசிக் குறி விழும்வரை வேறு யார் உதடும் நனையக் கூடாது. அதுதான் இந்த வீட்டு வழக்கம்.

பெருக்கல் போட்டது வினிகருக்குப் போகும். வட்டம் போட்டதெல்லாம் ஒரே தொட்டிக்குப் போகும். அதில்தான் குடும்பத்தின் பெயரை ஒட்டுவார்கள்.

ஒன்று தப்பினாலும் போச்சு. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம்.

நாக்கு மட்டும் மிச்சமிருந்தது. நாக்குக்குப் புளிப்பு தெரியும், துவர்ப்பு தெரியும்; கெட்ட வாடை தெரியாது. அதை வைத்தே காலையிலிருந்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். முன்வரிசை முழுக்க வட்டம். ஒன்றிலாவது பெருக்கல் போட்டிருந்தால் நம்பும்படி இருந்திருக்கும் என்று அவருக்கே தோன்றியது.

பின்வரிசையில் இது ஒன்றுதான். கடைசிப் பீப்பாய்.

முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். தங்கை எர்மீனியா. அண்ணன் மகன் ருஜ்ஜேரோ. மகள் ஒர்தென்சா.

அவருக்குப் பயமாக இருந்தது. எண்பது வயதில், சொந்த நிலவறையில், படிக்காமல் பரீட்சைக்கு வந்தவனைப்போல் நின்றார்.

ஒரு வாய் எடுத்தார். நாக்கில் புரட்டினார். புளிப்பு சரி. துவர்ப்பு சரி.

வட்டம் போட்டார்.

இனி மற்றவர்கள் குடிக்கலாம். ஒர்தென்சா அதே பீப்பாயிலிருந்து எல்லோருக்கும் ஊற்றினாள்.

வருடா வருடம் இந்த இடத்தில்தான் சண்டை தொடங்கும். எர்மீனியா முதல் மடக்கிலேயே, போன தடவை இதைவிட நன்றாக இருந்தது என்பாள். ருஜ்ஜேரோ விட மாட்டான். இந்த வீட்டில் ஒயினைப் பற்றிப் பேசாமல் இருந்தவர்கள் செத்தவர்கள் மட்டும்தான்.

எர்மீனியா கோப்பையை வாயருகே கொண்டுபோனாள். ஒரு நொடி நின்றாள்.

குடித்தாள்.

ருஜ்ஜேரோ தரையைப் பார்த்தபடி குடித்தான். ஒர்தென்சாவும் குடித்தாள். கஷாயம் குடிப்பதுபோல், அடிவரை, மூன்று பேரும்.

யாரும் பேசவில்லை.

அப்போது அவருக்குப் புரிந்துவிட்டது.

காதுவரை சுட்டது. சிரித்திருக்கலாம். திட்டியிருக்கலாம். பேசாமல் குடித்தார்களே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ருஜ்ஜேரோ தொட்டிக்குப் போகும் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தான்.

தலையை அசைத்தால் போதும். கலந்துவிடுவார்கள். பெயரையும் ஒட்டிவிடுவார்கள். அவர் மானம் தப்பும். முந்நூறு ஆண்டுப் பெயர் போகும்.

அவர் சட்டைக் கையால் வட்டத்தை அழித்தார்.

பெருக்கல் போட்டார். ஒரு கோடு கோணலாகப் போனது.

பிறகு முன்வரிசையைப் பார்த்தார். அத்தனையும் வட்டம். எதை நம்பிப் போட்டோம்? முதல் பீப்பாய்க்குப் போய் அதையும் அழிக்கக் கையைத் தூக்கினார்.

ஒர்தென்சா அந்தக் கையைப் பிடித்தாள்.

"அதெல்லாம் சரியாத்தான் இருக்குப்பா. போன வாரமே நான் பாத்துட்டேன். இது ஒண்ணுதான் விட்டுப்போச்சு."

மூத்தவருக்கு முன்னால் இன்னொருவர் சுவைப்பது இந்த வீட்டில் திருட்டுக்குச் சமம்.

தனக்குக் கோபம் வரும் என்று அவர் கொஞ்சம் காத்திருந்தார். வரவில்லை.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"ஈஸ்டர் அன்னிக்குப் பால் அடிபிடிச்சுது. வீடு முழுக்கத் தீஞ்ச நாத்தம். நீங்க அடுப்புப் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க."

இத்தனை மாதம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரே மேசையில்தான் சாப்பிட்டார்கள்.

ருஜ்ஜேரோ குழாயை மெதுவாகக் கீழே வைத்தான். எர்மீனியாவின் தோளைத் தொட்டுப் படிப்பக்கம் அழைத்துப்போனான். இருவரும் மேலே ஏறும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

அவர் முதல் பீப்பாயிலிருந்து தன் கையாலேயே கொஞ்சம் ஊற்றினார். முகர்ந்து பார்க்கவில்லை. கோப்பையை மகளிடம் நீட்டினார்.

"சொல்லு."

அவள் முகர்ந்தாள். வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

"ரோஜா. வாடினது. அப்புறம், வெயில்ல இளகின தார் ரோடு."

அவர் பீப்பாயில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"மெதுவாச் சொல்லு."