நகராத அடுப்பு

காவலாளி சங்கிலியைக் கையில் எடுத்துவிட்டான்.

அவள் இரும்புக் கதவின் கம்பியை விடவில்லை.

காலடியில் தரை நடுங்கியது. நின்றது. மறுபடியும் நடுங்கியது.

கதவுக்கு அப்பால் கீழே இறங்கும் படிகள். படிகள் முடியும் இடத்தில், எரிமலையைச் சுற்றி, உறைந்த குழம்பின் கரிய வெளி. இப்போது எதுவும் தெரியவில்லை. மேகம் இறங்கிப் படிகளையும் விழுங்கியிருந்தது.

உள்ளே போனவர்களைத் திரும்பச் சொல்லி ஒலிபெருக்கி கத்தி ஓய்ந்தது. ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். மூச்சிரைத்தார்கள். சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

அவள் மகள் திரேஸ் வரவில்லை.

மகளுக்கு மலையில் நிலநடுக்கக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. காலையில் ஒரு கருவி பேச்சை நிறுத்தியிருந்தது. தனியே அனுப்ப மனமில்லாமல் அவளும் காரில் ஏறிக்கொண்டாள்.

வழியெல்லாம் மகள் பேசிக்கொண்டே வந்தாள்.

"கீழ ஒரே அடுப்புதாம்மா. அது நகராது. மேல இருக்கிற தரைதான் நகரும். லட்சத்தீவு, மாலத்தீவு, மொரீசியஸ் எல்லாம் ஒரு காலத்துல இதே அடுப்பு மேல பொங்கி எழுந்ததுதான். ஒண்ணொண்ணா விலகிப் போயி ஆறிப்போச்சு. இப்ப நம்ம ரீயூனியன் தீவு வேகுது."

"நல்லா வேகற நேரமாப் பாத்துத்தான் உங்கப்பா நம்மளக் காரைக்கால்லேருந்து கூட்டியாந்திருக்காரு."

மகள் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தாள். அவளும் சிரித்தாள். அவர் பேச்சு வந்து இருவரும் சிரித்தது வெகு காலத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அவர் இதே படியில்தான் இறங்கினார்.

அன்றும் மேகம். பாறைகளில் வெள்ளைச் சாயம் அடித்து வழி காட்டியிருப்பார்கள். அதை விட்டு விலகினால் திசையே கிடையாது. நாள் கணக்கில் தேடினார்கள். பிறகு மலை பொங்கியது. தேட வேண்டிய இடத்தின் மேலேயே வழிந்து உறைந்தது.

தரை மறுபடி நடுங்கியது.

இம்முறை நிற்கவில்லை. கம்பி அவள் உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

மாதாவே, இவளையுமா.

கீழே எங்கோ ஒரு கல் உருண்டது.

பிறகு இருமல். அவளுக்குத் தெரிந்த இருமல்.

மேகத்துக்குள்ளிருந்து திரேஸ் ஏறி வந்தாள். முழங்காலில் ரத்தம். கருவியைக் கைக்குழந்தை போல நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. வழுக்கிடுச்சு."

அவள் ஒரு கையால் மகளின் கன்னத்தைத் தொட்டாள். தோளைத் தொட்டாள். கன்னத்தை மறுபடியும் தொட்டாள்.

காவலாளி வேலைக்குப் புதியவன். அவர்களைத் தெரியாது. சங்கிலியைக் கதவில் சுற்றியபடி தீவின் கிரியோல் மொழியில் கேட்டான்: உங்கள் ஆட்கள் எல்லோரும் வந்துவிட்டார்களா, பூட்டலாமா?

மகள் தலையாட்டினாள்.

அம்மாவின் இன்னொரு கை கம்பியிலேயே இருந்தது.