அதிகம் பார்த்த முகம்

பழைய மூக்குக்கண்ணாடி ஃபிரேமை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால், அது இதுவரை பார்த்த முகங்களையெல்லாம் புதிய ஃபிரேமுக்கு மாற்றித் தருவதாகக் கண்ணாடிக்கடை யூசுப் சொன்னார்.

“அதெல்லாம் வேணாம் பாய், அழிச்சிருங்க” என்றான் திருமாறன்.

அவன் காட்டிய அவசரம்தான் மனைவி பூரணியை உறுத்தியது. “ஏங்க, அப்படி யார் முகம் இருக்கு அதுல? நீங்க மாத்துங்க பாய்.”

யூசுப் மாற்றினார். “அடிக்கடி பார்த்த முகம் உடனே தெளிவாத் தெரியும்மா. மத்ததெல்லாம் பழகுற வரைக்கும் மங்கலாத்தான் இருக்கும்.”

திருமாறன் புதுக் கண்ணாடியை மாட்டியதும், பூரணி தன் போனில் அவன் ஆபீஸ் சுகந்தியின் படத்தை நீட்டினாள். “இது யாரு?”

“ஒண்ணுமே தெரியல. ஒரே புகையா இருக்கு.”

பூரணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இத்தனை மாதமாக அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவன் எதிரில் வந்து நின்றாள்.

“நான் எப்படித் தெரியுறேன்?”

“உனக்கென்ன, பளிச்சுன்னு தெரியுற! மூக்குத்திகூட மின்னுது” என்று சிரித்தான் திருமாறன்.

பூரணி மூக்குத்தியைக் கழற்றி வைத்து ஒரு வருஷம் ஆகிறது.