கதிரேசுவின் மோட்டார்

“செத்தவன் மோட்டாரை வெச்சு விளையாட உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?”

மாசாய் ஊரில் அந்த வரிசை வீடுகளின் சங்கத் தலைவர் லோகேஸ்வரன், தர்மினியின் வீட்டுக்குள் நின்று கேட்டார். பின்னால் அவர் மனைவி புஷ்பவள்ளி, ரொட்டிக் கடை சர்புதீன், இன்னும் நாலைந்து பேர்.

பக்கத்து வீட்டுக் கதிரேசு லாரி மோதி இறந்து நான்கு மாதம் ஆகிறது. அவன் ஓட்டிய மோட்டார் சைக்கிள் நசுங்கிய தகரமாகப் போலீஸ் நிலையத்தின் பின்னால் கிடந்தது. வீட்டில் அவன் மனைவி யோகேஸ்வரி மட்டும்தான்.

போன மாதம் முதல் அந்த மோட்டார் திரும்பி வரத் தொடங்கியது.

சில நாள் பொழுது சாய்ந்ததும் வரும். முதலில் சந்து முனையில் திரும்பும் சத்தம். பிறகு ஓட்டைப் புகைக்குழாயின் அதே படபடப்பு நெருங்கும். யோகேஸ்வரி வீட்டு வாசலுக்குள் வந்து, இரண்டு தடவை இருமி நிற்கும். கடைசியாக, ஸ்டாண்டை இறக்கும் ‘டக்’.

எட்டிப் பார்த்தால் வாசல் காலி.

இன்று காலை லோகேஸ்வரன்தான் கண்டுபிடித்தார். யோகேஸ்வரியின் பூச்சட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்பீக்கர். அதன் வயர் சுவர் தாண்டி தர்மினி வீட்டுக்குள் போயிற்று. சாயங்காலம் ஆள் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

தர்மினி மறுக்கவில்லை.

“ஆமா அங்கிள். நான்தான் செஞ்சேன்.”

அவள் சிங்கப்பூர் விளம்பரங்களுக்கு இசையமைப்பவள். சுவர் முழுக்க அவளுடைய சிந்தசைசர். கட்டைகளே இல்லை. திருகுகள், துளைகள், துளைக்குத் துளை தொங்கும் கலர் வயர்கள். எதை எதோடு இணைக்கிறாளோ அதற்கேற்ப ஒரு சத்தம் பிறக்கும்.

“ரெக்கார்டிங்கா?” என்றார் சர்புதீன்.

“இல்ல பாய். அவர் கடைசியா அனுப்பின வாய்ஸ் மெசேஜ் அக்கா போன்ல இருக்கு. ‘சிக்னல்ல நிக்கிறேன், மீனைப் பொரிச்சு வை’ன்னு. பின்னாடி எஞ்சின் ஓடுது. அதைக் கேட்டுக் கேட்டு இதுல உண்டாக்கினேன். மூணு வாரம் ஆச்சு. அந்த இருமல்தான் சீக்கிரம் வரவே இல்ல.”

“அலமாக்! எனக்குப் பெட்ரோல் வாடையே அடிச்சிச்சு லா.”

“அது நான் செய்யல பாய்.”

சர்புதீன் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“யோகேஸ்வரிக்கு இது தெரியுமா?” என்று கேட்டாள் புஷ்பவள்ளி.

“அக்காதான் செஞ்சு தரச் சொன்னாங்க ஆண்ட்டி.”

“தினம் உட்கார்ந்து அழறதுக்கா?”

“அழறதுக்கு இல்ல.”

லோகேஸ்வரன் குரலை உயர்த்தினார். “பாவம், அந்தப் பொண்ணு தெளிஞ்சு எழுந்திருக்கணும். நாலு பேரு போய்ப் பார்த்து ஆறுதல் சொல்லணும். இப்ப அந்த வீட்டுப் பக்கம் எவனாவது போவானா? பேய் வீடுன்னு பேராயிடுச்சு. நாளைக்கே போலீஸ்ல ரிப்போர்ட் கொடுப்பேன்.”

“கொடுங்க அங்கிள். சாட்சி வேணும்பாங்களே?”

“நான் இருக்கேன் சாட்சி! இவங்கல்லாம் வீட்டுக்குள்ள இருந்துகிட்டுக் கேட்டவங்க. நான் அந்த கேட் பக்கத்துலயே நின்னு கேட்டேன். ஒரு தடவை இல்ல, ஏழு தடவை!”

தர்மினியின் கை ஒரு திருகின் மேல் அப்படியே நின்றது.

“ஏழு தடவையுமா?”

“ஏழும். ஒண்ணு விடல.”

“மொத்தமே ஏழு தடவைதான் அங்கிள் அந்தச் சத்தம் வந்துச்சு.”

தர்மினி ஒரு மஞ்சள் வயரைத் தூக்கிக் காட்டினாள்.

“பொழுது சாஞ்சா யாரோ வந்து அக்கா வீட்டு கேட் கொக்கியை வெளியிலருந்து மெதுவா நெம்புறாங்களாம். யாருன்னு கேட்டா அக்கா பேர் சொல்ல மாட்டேங்குறாங்க. ‘அவரு மோட்டார் சத்தம் கேட்டா வரமாட்டாங்க, தர்மினி’ன்னு மட்டும் சொன்னாங்க. இந்த வயர் அந்தக் கொக்கியிலருந்துதான் வருது. அக்கா உள்ள போய்ப் பூட்டினதும் அங்க சுவிட்சைப் போட்டுடுவாங்க. அதுக்கப்புறம் யாராவது கொக்கியைத் தொட்டாத்தான் சத்தம் பிறக்கும். தானா வராது.”

சர்புதீன் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்.

“நான்... தலைவர்ங்கிற முறையில ஒரு பார்வை பார்க்க...” என்று ஆரம்பித்தார் லோகேஸ்வரன்.

புஷ்பவள்ளி அதைக் கேட்க நிற்கவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டு கேட்டின் கொக்கியில் அவள் ஒரு விரலை வைத்தாள்.

சந்து முனையில் கதிரேசு திரும்பினான். நெருங்கி வந்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலி வாசலுக்குள் நுழைந்து, இரண்டு தடவை இருமி, நின்றான்.

டக்.

புஷ்பவள்ளி விரலை எடுக்காமல் கணவன் பக்கம் திரும்பினாள்.

“போன மாசத்துலருந்து கோயில் மீட்டிங்னு சொல்லிட்டு நீங்க சாயங்காலம் போனதும் ஏழு நாள்தானுங்களே?”