ஒன்பதாம் கூண்டு

எண்பத்தெட்டில் பூந்தமல்லி ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எலியின் மூளையில் பசியை அறியும் இடத்தை மின்சாரத்தால் சுட்டுவிட்டு, அது தீனியைத் தேடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்பதாம் கூண்டு எலி தேடவில்லை. தீனியின் முன்னாலேயே படுத்துக் கிடந்து பதினோராம் நாள் செத்தது. பட்டியலில் அதன் எண்ணை அடிக்க மறந்துவிட்டேன். உதவியாளர் ராயப்பன் வழக்கம்போல் வெறுங்கூண்டில் இருபது கிராம் தீனி வைத்துப் பூட்டியிருந்தார். காலையில் தீனியை நிறுத்துப் பார்த்தேன். ஆறு கிராம்தான் மிச்சம்.

“நம்பரை அடிச்சிடட்டுமா, ராயப்பண்ணே?”

“வாணாம் மேடம். அதுக்கு இப்பதான் பசியே எடுத்துகீது.”

அன்று நாற்பது வைத்தோம். மறுநாள் ஒன்றும் மிச்சமில்லை.

இப்போது தினமும் ஒரு கிலோ வைக்கிறோம். எலியின் எடை என்ற கட்டத்தில் தினமும் சுழிதான் போடுகிறேன்.