மிதமான மழை

கல்யாணமான இருபதாம் நாளே கப்பலேறிப் போன ஜியாவுதீன், நாலு வருஷம் கழித்து வீடு திரும்பியிருந்தான். அவன் பேசப் பேச, யாரோ வேற்றாள் வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல ருக்சானாவுக்குக் கூச்சமாக இருந்தது.

ஊரில் எல்லாப் பெண்களையும் போல அவளும் புருஷன் குரலை மாற்றிக் கேட்கப் போனில் ஒரு செட்டிங் வைத்திருந்தாள். 'மிதமான மழை' என்று அதற்குப் பெயர். முழு அளவுக்கு ஏற்றி, அந்தக் கனத்த, ஈரமான குரலோடுதான் இத்தனை வருஷமும் குடும்பம் நடத்தினாள். வந்திருப்பவனோ மூக்கால் பேசினான். அவன் தண்ணீர் கேட்டால்கூட முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், அடுக்களையில் மீன் அலசும்போது போன் அடித்தது. படுக்கையறையிலிருந்து அவன்தான்.

"என்ன புள்ள செய்றே?"

போனுக்குள் மழை பெய்தது. ஈரக்கையோடு சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"மீன் கழுவுறேன் மச்சான்."

ஒரு மணி நேரம் பேசினார்கள். வைக்கும்முன் அவள் சொன்னாள்: "நாளைக்கும் கூப்பிடுங்க. மழையக் கொஞ்சம் கொறைச்சு வச்சுக் கேட்டுப் பாக்குறேன்."



"சரி புள்ள," என்றான். "நானும் ஒன் கொரலுக்கு வச்ச செட்டிங்கக் கொறைச்சு வச்சுக்கிறேன்."