பூதலூர் ஜீப்

பூதலூர் மருதையனின் கொட்டகையில் நின்ற பழைய ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார் ரகுராமன். பழைய வண்டிகளைத் தேடி வாங்குகிறவர்.

"எல்லாமே ஒரிஜினல். நானே எடுத்துக்கறேங்க."

மருதையனுக்குப் போன உயிர் திரும்பியது. மனைவி பொன்னுத்தாய்க்கு நாளைக்கு இதய ஆபரேஷன். இதை விட்டால் விற்க வேறு எதுவுமில்லை. இருந்தாலும், "பணம் கைக்கு வந்தாத்தான் சாவி" என்றார்.

ரகுராமன் சிரித்தபடி டார்ச்சோடு வண்டிக்கு அடியில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"போன்ல கேட்டேனே, அடியில பொறிச்சிருக்கிற சேசிஸ் நம்பர், அது எங்கங்க? ஆர்.சி.யோட அது ஒத்துப் போகலைன்னா இதைக் காயலான் கடைக்காரன்தான் எடுப்பான்."

மருதையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நம்பரை வாங்கி, கள்ள ஆர்.சி. போட்டு வண்டியைத் தூக்கிடுவீங்கன்னு நினைச்சேன் சார். நேத்து நானே அரத்தால ராவி எடுத்துட்டேன்."